ஜேஆர் வழக்கில் அரசு தன் ஃபைலைக் காட்டியே ஆக வேண்டுமா?

வாசகர் கேள்வி – 6 அக்டோபர் 2025

லண்டனில் இருக்கிறேன். தங்கள் முடிவைத் தாங்களே மறுபடி பார்க்கும் ரிவ்யூ முடியும்வரை தங்க இடம் தர முடியாது என்று கவுன்சில் கையை விரித்துவிட்டது. ஜேஆர் (ஜூடிஷியல் ரிவ்யூ, நீதித்துறை மறுஆய்வு) போடலாம் என்கிறார் வக்கீல். அவர்களிடம் இருக்கிற என் ஃபைல் முழுவதையும் வாங்க முடியுமா என்று கேட்டேன். "இந்த வகை வழக்கில் டிஸ்க்ளோஷர், அதாவது ஆவணங்களைப் பட்டியலிட்டுக் கொடுப்பது, கிடையாது" என்றார். அதே மூச்சில், "ஆனால் அவர்களுக்கு வெளிப்படைக் கடமை உண்டு" என்றும் சொன்னார். கிடையாது, ஆனால் உண்டு என்றால் என்னதான் அர்த்தம்? ஏமாற்றுகிறாரா?

6 அக்டோபர், இரவு

ஏமாற்றவில்லை தம்பி, அவர் சொன்ன ரெண்டுமே சரி. கடன், விபத்து, ஒப்பந்தம் மாதிரி சாதாரண சிவில் வழக்கு என்றால் ரெண்டு தரப்பும் ஆவணப் பட்டியல் போட்டு ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டும், தனக்குப் பாதகமானதையும் சேர்த்து. நீதித்துறை மறுஆய்வில், அதாவது ஜேஆரில், அந்தப் பட்டியல் வேலை கிடையாது, நீதிமன்றம் தனியாக உத்தரவு போட்டால்தான் உண்டு. ஏனென்றால் இங்கே பொதுவாக நீதிபதி யார் சொல்வது நிஜம் என்று சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து பார்ப்பதில்லை, கவுன்சில் எடுத்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கிறார். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

அந்தப் பட்டியலுக்குப் பதிலாகத்தான் இந்த வெளிப்படைக் கடமை. முடிவெடுத்த அதிகாரத் தரப்பு, என்ன நடந்தது, எதை வைத்து முடிவெடுத்தோம் என்பதை முழுசாகவும் சரியாகவும் நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும், தன் வழக்கைக் கெடுக்கும் விஷயமாக இருந்தாலும். 1986-இல் ஹடில்ஸ்டன் என்ற மாணவி படிப்புக்கான உதவித்தொகை விஷயமாக லங்காஷயர் கவுன்சில் மேல் போட்ட வழக்கில் நீதிபதி சர் ஜான் டொனால்ட்சன் சொன்னதைத்தான் இன்றைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எல்லாச் சீட்டுகளும் முகம் மேலே தெரிய மேஜையில் கிடக்க வேண்டும், அதில் பெரும்பாலான சீட்டுகள் ஆரம்பத்தில் அதிகாரத் தரப்பின் கையில்தான் இருக்கும் என்றார். அந்த ரெண்டாவது பாதியை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

நான் வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீஸில் வழக்கு ஆவணங்களைக் கட்டு சேர்க்கிறவன். இதை உங்கள் வழக்குக்கான ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

7 அக்டோபர்

நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். கிளாஸ்கோவில் இருந்து எழுதியவர் தயவுசெய்து அங்கே ஒரு ஆளைக் கேட்டுக்கொள்ளவும். ஸ்காட்லாந்து நடைமுறை வேறு.

8 அக்டோபர்

"எதைக் காட்ட வேண்டும் என்று முடிவு பண்ணுவது யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். காட்ட வேண்டியவர்தான் முடிவு பண்ணுகிறார். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான். கவுன்சிலின் வக்கீல் ஃபைலைப் புரட்டி, இது சம்பந்தப்பட்டது, இது இல்லை என்று பிரிக்கிறார். நீதிபதிக்கு அந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நமக்கும் தெரியாது. ஆக மொத்தக் கடமையும் ஒரு அரசு வக்கீலின் மனசாட்சியிலும், அவருக்கு ஃபைலை எடுத்துக் கொடுக்கும் அதிகாரியின் சோம்பலிலும் தொங்குகிறது. சோம்பல் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். நான் பார்த்தவரை கெட்ட எண்ணத்தை விட அதுதான் அதிகம்.

ஒரு அனுபவம். கவுன்சில் பெயர் வேண்டாம். வயதான ஒரு அம்மாவுக்குப் பராமரிப்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஜேஆர் போட்டபோது அவர்கள் தரப்பு அதிகாரியின் வாக்குமூலத்தில் "மருத்துவரின் கருத்தையும் பரிசீலித்தே முடிவெடுக்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது, கடிதத்தை இணைக்கவில்லை. எங்கள் சொலிசிட்டர் அந்தக் கடிதத்தை மட்டும் கேட்டு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார், மூன்றாவது தடவை "கிடைக்காவிட்டால் நீதிமன்றத்தில் உத்தரவு கேட்போம்" என்று சேர்த்தார். வந்தது. அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வருவதற்கு முன்னால் எழுதப்பட்ட கடிதம். பரிசீலித்தோம் என்பது பொய் இல்லை பாருங்கள், கடிதத்தை யாரோ படித்துத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த வரியை மட்டும் படிக்கிற நீதிபதிக்கு என்ன தோன்றியிருக்கும்?

இதைத்தான் 2006-இல் ட்வீட் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை சொன்னது. வட அயர்லாந்தில் ஆரஞ்சு என்ற புராட்டஸ்டன்ட் அமைப்பின் ஊர்வலத்துக்குப் போட்ட கட்டுப்பாடு பற்றிய வழக்கு, போலீஸ் அறிக்கைகளின் சுருக்கத்தை மட்டும் கொடுத்திருந்தார்கள். நீதிபதி லார்ட் பிங்கம் சொன்னதன் சாரம்: முடிவுக்கு முக்கியமான ஆவணம் என்றால் அந்த ஆவணத்தையே இணைப்பதுதான் நல்ல வழக்கம், எவ்வளவு கவனமாக, திறமையாகச் சுருக்கினாலும் சுருக்கம் கோணலாகிவிடலாம். முழு ஆவணங்களை முதலில் நீதிபதி பார்க்கட்டும், பிறகு மனுதாரருக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள்.

அதனால் தம்பி, "ஃபைல் முழுவதும் கொடு" என்று கேட்காதீர்கள். அவர்கள் பதிலில் "பரிசீலித்தோம்", "கலந்தாலோசித்தோம்", "மதிப்பிட்டோம்" என்று எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் எதை, யாரோடு, எந்தத் தேதியில் என்று கேளுங்கள்.

8 அக்டோபர், பிறகு

ஆவணத்தில் கறுப்பு மை பூசி மறைத்துத் தருவார்களா என்று கேட்டவருக்கு. ஆமாம், ஆவணம் வரும், ஆனால் பாதிப் பக்கம் கறுப்பாக வரும். ஒருமுறை எனக்கு வந்த மின்னஞ்சல் அச்சில் "அன்புள்ள", "நன்றி" ரெண்டும்தான் படிக்கக் கிடைத்தன. மரியாதையான ஆட்கள் என்பது மட்டும் தெரிந்தது.

அதிகாரிகளின் பெயர்களை, மூத்த பதவியில் இல்லாதவர் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கமாகவே அழித்துக் கொடுத்து வந்தார்கள். ஐஏபி என்ற வழக்கில் 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பழக்கத்துக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்றது. பெயரை மறைக்க வேண்டுமென்றால் அந்த ஆளுக்கு ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். பெயர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். யார் யாருக்கு எழுதினார்கள் என்று தெரிந்தால்தானே எந்த மேஜையில் முடிவானது என்று தெரியும்?

11 அக்டோபர்

"அரசு மறைத்துப் பிடிபட்ட வழக்கு ஒன்றாவது உண்டா, இல்லை இதெல்லாம் புத்தகத்தோடு சரியா?" உண்டு. இது கொஞ்சம் நீளமாகப் போகும்.

2020-இல் சின்னப் படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து டோவர் கரைக்கு வந்தவர்களிடம் குடிவரவு அதிகாரிகள் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். சந்தேகப்பட்டவர்களிடம் மட்டும் இல்லை, பொதுவாக எல்லாரிடமும். பின் நம்பரையும் கேட்டு வாங்கினார்கள். மாதக்கணக்கில் திருப்பித் தரவில்லை. ஊரில் இருக்கிற அம்மாவுக்கு உயிரோடு வந்துவிட்டேன் என்று சொல்லக்கூட நம்பர் இல்லாமல் நின்றவர்கள் அவர்கள், நம்பர் எல்லாம் அந்தப் போனுக்குள்தானே இருந்தது. வழக்குக்கு முந்தைய கடிதம் போனபோது உள்துறை அமைச்சகம் சொன்ன பதில், அப்படி எல்லாரிடமும் பிடுங்கும் கொள்கை எதுவும் எங்களிடம் இல்லை என்பது. பின்னால் இருந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. 2022 மார்ச்சில் அந்தக் கொள்கை சட்டவிரோதம் என்று தீர்ப்பு. இதோடு முடியவில்லை. இல்லை என்று எப்படிச் சொன்னீர்கள் என்பதற்கே நீதிமன்றம் தனியாக ஒரு விசாரணை வைத்து, அதே ஆண்டு அக்டோபரில் தனித் தீர்ப்பு சொன்னது: வெளிப்படைக் கடமை மீறப்பட்டது. அமைச்சர் தரப்பில் மன்னிப்பும் கேட்டார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது முதல் கடிதம்தான். வழக்கு பதிவாகி நீதிபதி முன்னால் போன பிறகுதான் உண்மை பேச வேண்டும் என்று நிறைய அதிகாரிகள் நினைக்கிறார்கள். அரசின் சட்டத் துறையே 2010-இல் தன் ஆட்களுக்கு எழுதி வைத்த வழிகாட்டுதல் அப்படிச் சொல்லவில்லை. ஒரு முடிவை யாரோ எதிர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்தே கடமை ஆரம்பம், முதல் பதில் கடிதமும் அதில் சேர்த்தி. அந்தப் பதிலை நம்பித்தானே பலர் வழக்கே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள்! அங்கே சொன்ன அரைகுறை உண்மையை எந்த நீதிபதியும் பார்க்கப் போவதே இல்லை.

இன்னொன்று. 2016-இல் பிரான்ஸில் கலே அகதி முகாமை இடித்தபோது, தனியாக இருந்த பிள்ளைகளில் யாரை இங்கிலாந்தில் உள்ள உறவினரிடம் அனுப்பலாம் என்று அவசர அவசரமாக முடிவெடுத்தார்கள். மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சொன்ன காரணம் சில சொற்கள்தான். நேரமில்லை, நெருக்கடி என்று நீதிமன்றத்தில் விளக்கம். காரணத்தைச் சுருக்கமாக வைத்ததற்கு, விரிவாகச் சொன்னால் வழக்குப் போட்டுவிடுவார்கள் என்ற பயமும் ஒரு காரணம் என்பதைக் காட்டும் மின்னஞ்சல்கள் பின்னால் வெளியே வந்தன. 2018-இல் சிட்டிசன்ஸ் யூகே என்ற அமைப்பு போட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது கடுமையான கடமை மீறல் என்று எழுதியது. அதிகாரிகள் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் தெரியாமல் நடந்தாலும் மீறல் மீறல்தான்.

12 அக்டோபர்

மீன் வழக்கை விட்டுவிட்டேன் என்று ஒருவர் கோபப்படுகிறார். சரி. தென் ஜார்ஜியா தீவுக் கடலில் டூத்ஃபிஷ் என்ற ஆழ்கடல் மீனைப் பிடிக்க குவார்க் என்ற கம்பெனிக்கு 2001-இல் உரிமம் மறுத்தார்கள். வெளியுறவு அலுவலகம் சாட்சியத்தைத் துண்டு துண்டாக வெளியே விட்டது. 2002-இல் நீதியரசர் லாஸ் எழுதிய வரிதான் "மிக உயர்ந்த கடமை" என்று இன்றைக்கு எல்லா மனுவிலும் வருவது, குறிப்பாக மத்திய அரசுக்கு. எங்கள் ஆபீஸில் ஒரு மனு தயாரிக்கும்போது எந்தப் பத்தியில் மீன் வரும் என்று சிரிப்போம். வராத மனுவே இல்லை.

14 அக்டோபர்

இங்கே பேச்சு ஒரே பக்கமாகச் சாய்கிறது. "அவங்க மறைக்கிறாங்க, அவங்க பொய் சொல்றாங்க." நம் பக்கம்?

மனுதாரருக்கும் இதே கடமை உண்டு, முதலில் வருவதும் அவருடையதுதான். வழக்கை நடத்த நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கும்போது, அதிலும் நாடு கடத்த நாளைக் காலை விமானத்தில் ஏற்றப் போகிறார்கள் என்று ராத்திரியில் தடை கேட்கும்போது, எதிர்த்தரப்பு பேசுவதற்கு முன்பே நீதிபதி உங்கள் காகிதத்தை மட்டும் நம்பி உத்தரவு போடுகிறார். அந்த நேரத்தில் முந்தைய மறுப்பு, தோற்றுப்போன அப்பீல், ஏற்கனவே இதே காரணத்துக்குப் போட்டுத் தள்ளுபடியான மனு, எல்லாவற்றையும் நீங்களே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டது பின்னால் தெரிந்தால் தடை நீங்கும், அனுமதி போகும், செலவு தலையில் விழும். வழக்கில் நியாயம் இருந்தாலும் நிவாரணம் தர மாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் நீதிபதிக்கு இருக்கிறது. கடைசி நேர மனுக்களில் விஷயத்தை ஒழுங்காகச் சொல்லாத வக்கீல்களை நேரில் கூப்பிட்டு விளக்கம் கேட்கும் வழக்கத்தை 2012-இல் ஹமித் வழக்கில் ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னாலே ஆபீஸில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் கட்டு சேர்க்கும்போது என்னிடம் கேட்டான், "அண்ணை, வேற நாட்டில ஒருக்கா அகதி அந்தஸ்து கேட்டு மறுத்தவங்கள். அதைச் சொல்லாட்டி இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" கைரேகையில் தெரியும் என்பது ஒரு பதில். ஆனால் அவனுக்குச் சொன்ன பதில் வேறு: அதை நாம் முதல் பக்கத்தில் சொன்னால் அது ஒரு சம்பவம், அவர்கள் சொன்னால் அது உன் குணம். சொலிசிட்டரும் அதையே சொல்லி, ஏன் மறுத்தார்கள், அப்போது அவனிடம் என்ன ஆவணம் இல்லை என்பதோடு சேர்த்து எழுதிப் போட்டார். நீதிபதி அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பெரிய உதாரணம் வேண்டுமா? அல்-ஸ்வீடி வழக்கு. 2004 மே மாதம் ஈராக்கில் நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு பிரிட்டிஷ் படை பிடித்துப் போனவர்களைக் கொன்றது, வதைத்தது என்று ஜேஆர். 2009-இல் பாதுகாப்பு அமைச்சகம் ஆவணங்களைக் கொடுத்த லட்சணத்தை மூன்று நீதிபதிகள் கிழித்து எடுத்தார்கள். தேடினோம், இல்லை என்று சொன்ன பிறகு கட்டுக் கட்டாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அரசு பொது விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. அந்த விசாரணை 2014 டிசம்பரில் என்ன சொன்னது தெரியுமா? பிடித்துப் போனவர்களைக் கொன்றார்கள் என்ற குற்றச்சாட்டு முழுப் பொய், தெரிந்தே சொன்ன பொய். சில இடங்களில் கைதிகளை நடத்திய விதம் தவறு என்றது, அவ்வளவுதான்.

15 அக்டோபர்

மேலே அல்-ஸ்வீடியைப் படித்துவிட்டு "அப்படியானால் அமைச்சகம் மறைத்ததில் தப்பில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தலைகீழாகப் படிக்கிறீர்கள் ஐயா. ஆவணங்களை ஒழுங்காகத் தேடி 2008-இலேயே மேஜையில் வைத்திருந்தால் அந்தப் பொய் அத்தனை வருஷம் நடமாடியிருக்குமா? அவர்களைக் காப்பாற்றியிருக்கக் கூடிய காகிதத்தைத்தான் அவர்களே தேடாமல் விட்டார்கள்.

19 அக்டோபர்

இந்த வார இறுதியில் சாகோஸ் தீர்ப்பை மறுபடி படித்தேன். ஒரே விஷயத்தில் ரெண்டு மனசாக இருக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: சாகோஸ் என்பது இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் கையில் இருந்த தீவுக்கூட்டம். அதிலுள்ள டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வருவதற்காக அந்தத் தீவுக்கூட்டத்து மக்களை அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் வெளியேற்றினார்கள். அவர்கள் திரும்பக் கூடாது என்று 2004-இல் மறுபடி ஒரு ஆணை. அதை எதிர்த்து அந்த மக்களின் தலைவர் ஒலிவியே பான்கூல் போட்ட வழக்கு 2008-இல் பிரபுக்கள் அவையில் 3-க்கு 2 என்று தோற்றது. மீள்குடியேற்றம் நடைமுறையில் கட்டாது என்று சொன்ன 2002 ஆய்வறிக்கை அதில் முக்கியமான ஆதாரம். அந்த அறிக்கையின் வரைவும், வரைவைப் பற்றி அதிகாரிகள் எழுதிக்கொண்ட குறிப்புகளும் அப்போது மனுதாரருக்குக் கிடைக்கவில்லை. 2012-இல், கடல் பாதுகாப்புப் பகுதி பற்றிய வேறொரு வழக்கின்போது வெளியே வந்தன. காட்டியிருக்க வேண்டியவை என்பதில் பெரிய தகராறு இல்லை. பழைய தீர்ப்பை ரத்து செய்யுங்கள் என்று போனார்கள். 2016 ஜூனில் உச்ச நீதிமன்றம் மறுத்தது, மறுபடியும் 3-க்கு 2. அவை அன்றைக்கே கையில் இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்பது பெரும்பான்மை. லார்ட் கெர்ரும் லேடி ஹேலும் ஒத்துக்கொள்ளவில்லை.

விசித்திரம் என்னவென்றால், 2008-இல் மக்கள் பக்கம் நின்று மாறுபட்ட லார்ட் மான்ஸ்தான் 2016-இல் மறுத்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர். அவர் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு பழைய தீர்ப்பையும் ஒரு புது காகிதம் கிடைத்தது என்று திறந்தால் எந்த வழக்கும் முடியாது. ஆனால் "கிடைத்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது" என்பதை யார் நிச்சயமாகச் சொல்ல முடியும்? அந்த வரைவு கையில் இருந்தால் மனுதாரரின் வக்கீல் வேறு கேள்வி கேட்டிருப்பார், வேறு நிபுணரைக் கொண்டு வந்திருப்பார். ஒரே ஒரு ஓட்டில் போன வழக்கு அது. மறைத்தவருக்குக் கடைசியில் எந்த நஷ்டமும் இல்லை.

நம் ஆட்களுக்கும் அந்தத் தீவில் ஒரு கதை உண்டு. 2021 அக்டோபரில் கனடா போகக் கிளம்பி நடுக்கடலில் மாட்டிய இலங்கைத் தமிழர்களைக் கொண்டுபோய் வைத்தது அதே டியேகோ கார்சியாவில்தான். கூடாரத்தில் மூன்று வருஷம். 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றம் அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்றது. விசாரணைக்கு நீதிபதி தீவுக்கே போனார். அதற்கு முன்னால் ஜூலையில் போவதாக இருந்த பயணத்தை அமெரிக்கா தடுத்துவிட்டது. அலமாரிக்குள் இருப்பதை நீதிமன்றத்தால் பார்க்க முடியாது என்று நான் மேலே எழுதினேன். இங்கே தீவையே பார்க்க விடவில்லை!

20 அக்டோபர்

மதுரையிலிருந்து ஒருவர்: "இங்கே ரிட் மனு போட்டால் கவுன்டர் (பதில் மனு) போடவே அரசுத் தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்குகிறது. இன்ஸ்ட்ரக்‌ஷன் வரவில்லை மைலார்ட் என்பதுதான் வெளிப்படைக் கடமை." நானும் அங்கே கொஞ்ச காலம் கோர்ட் வராண்டாவில் நின்றவன், மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் கவனித்தேன். இந்தியத் தீர்ப்புகளில் இந்தச் சங்கதி பெரும்பாலும் மனுதாரர் மேல்தான் பாய்கிறது. சுத்தமான கையோடு வா, மறைத்தால் மனு தள்ளுபடி. நம் ஊர் வழக்கான செங்கல்வராய நாயுடு வழக்கிலேயே, சொத்துரிமையை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் ஒன்றை மறைத்து வாங்கிய தீர்ப்பாணை (டிக்ரி) மோசடி, செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் எல்லாரும் எடுத்துப் போடுகிறார்கள். அது ரிட் இல்லை, பாகப்பிரிவினை வழக்கு. ஆனாலும் ரிட் வழக்குகளில் அரசு வக்கீல் மடியில் எப்போதும் அந்த வரி தயாராக இருக்கும். அரசு பக்கம் திரும்பும்போது சீலிட்ட உறை வந்துவிடும், நீதிபதி மட்டும் பிரித்துப் படிப்பார். 2023 ஏப்ரலில் மீடியாஒன் சேனல் வழக்கில் அந்த உறைப் பழக்கம் இயற்கை நீதிக்கு ஒவ்வாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு ஆறுதல்.

24 அக்டோபர்

நடைமுறையாகச் சொல்லு என்கிறார்கள். கடிதத்தில் கேட்பதோடு, உங்களைப் பற்றிய தகவலைக் கேட்கும் சப்ஜெக்ட் ஆக்சஸ் விண்ணப்பத்தை அதே நாளில் தனியாக அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வர வேண்டும், கட்டணம் இல்லை. குடிவரவு ஃபைலாக இருந்தால் அதிகாரி கம்ப்யூட்டரில் அடித்த குறிப்புகளும் வரும். ஒருமுறை அந்தக் குறிப்பில் முடிவு எடுத்த தேதி, எங்கள் ஆதாரம் அவர்கள் கைக்குப் போன தேதிக்கு முன்னால் இருந்தது. மறுப்புக் கடிதத்திலோ "அனுப்பிய ஆதாரங்களைக் கவனமாகப் பரிசீலித்து" என்று இருந்தது. வழக்கு அனுமதிக் கட்டத்துக்குக்கூடப் போகவில்லை, அவர்களே முடிவை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

வாபஸ் வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். அசிங்கமான ஆவணம் வெளியே வரப் போகிறது என்றால், காட்டுவதற்குப் பதில் முடிவைத் திரும்பப் பெற்று மறுபடி முடிவெடுக்கிறோம் என்பார்கள். கட்சிக்காரருக்கு நல்லது. ஆனால் அந்த ஆவணம் அப்படியே உறங்கப் போய்விடும், அடுத்த ஆளுக்கும் அதே முடிவு வரும்.

2 நவம்பர்

"சாதாரண வழக்கு மாதிரி இதிலும் பட்டியல் போட்டு எல்லாவற்றையும் கொடு என்று சட்டம் போட்டால் என்ன?" முதல் நாள் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். செலவு எகிறும், வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், தோற்றால் அரசின் அந்தச் செலவும் ஏழை மனுதாரர் தலையில் வரும். இன்னொரு ஆபத்தும் உண்டு, ஆயிரம் பக்கத்தைக் கொட்டிவிட்டு "எல்லாம் கொடுத்தாகிவிட்டது" என்று நிம்மதியாக உட்காருவார்கள். இப்போதே அது நடக்கிறது. முக்கியமான ஒரு பக்கத்தை எண்ணூறாவது பக்கமாக வைப்பதும் மறைப்பதுதான்.

இருந்தாலும் போன் வழக்கை எழுதியதிலிருந்து மனசு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. முழுப் பட்டியல் வேண்டாம். எங்கே தேடினோம், யாரிடம் கேட்டோம், எதைத் தேடாமல் விட்டோம் என்று ஒரு அதிகாரி தன் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று வைக்கலாம். ஒரு பக்கம் போதும். கையெழுத்து என்றதும் ஆட்கள் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். "ஃபைலில் இல்லை" என்று போனில் அடித்துச் சொன்னவரே, எழுதிக் கொடுங்கள் என்றதும் "இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பார்.

ஒத்துக்கொள்ளாதவர்கள் திட்டலாம். ஏற்கனவே ஒருவர், அரசு வக்கீலாக வேலை பார்த்தவராம், தனி மின்னஞ்சலில் திட்டிவிட்டார். தங்களில் பலர் அதிகாரியோடு சண்டை போட்டுத்தான் பாதகமான ஆவணத்தை வெளியே கொண்டுவருகிறார்கள், அது வெளியே யாருக்கும் தெரிவதில்லை என்கிறார். நம்புகிறேன். அந்தச் சண்டையில் அவருக்குக் கையில் பிடிக்க ஒரு விதி இருந்தால் நல்லதுதானே?

9 நவம்பர்

ஹில்ஸ்பரோ சட்டம் வந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று ரெண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். 1989-இல் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் 97 பேர் இறந்தது, போலீஸ் ரசிகர்கள் மேல் பழியைப் போட்டது, குடும்பங்கள் முப்பது வருஷத்துக்கு மேல் அலைந்தது, அதிலிருந்து பிறந்த மசோதா. 2025 செப்டம்பரில் பாராளுமன்றத்தில் வைத்தார்கள். பொது அதிகாரிகள் விசாரணைகளில் உண்மையைச் சொல்வதைச் சட்டக் கடமையாக்கி, மீறினால் குற்றம் என்கிறது. பொது விசாரணை, மரண விசாரணை ஆகியவற்றை முன்வைத்து எழுதியது அது. நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் ஜேஆர் கடமை நீதிபதிகள் தீர்ப்பு தீர்ப்பாகக் கட்டியது, மீறினால் செலவுத் தொகை, பாதகமான அனுமானம் (மறைத்தது அவர்களுக்கு எதிரானதுதான் என்று நீதிபதி எடுத்துக்கொள்வது), நீதிபதியின் திட்டு. ஜெயில் இல்லை. ரெண்டையும் குழப்ப வேண்டாம். ஜெயில் பயம் வந்தால் அதிகாரிகள் இன்னும் உண்மையாக எழுதுவார்களா, அல்லது எழுதுவதையே நிறுத்திவிட்டுப் போனில் பேசிக்கொள்வார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இப்போதே பாதி அரசாங்கம் வாட்ஸாப்பில்தான் ஓடுகிறது.

10 நவம்பர்

மேலே ஒருவர் "மூன்று மாதம் இருக்கிறது, மெதுவாக ஆவணம் கேட்டுக்கொண்டிருக்கலாம்" என்று யோசனை சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அந்த யோசனையை யாரும் நம்பி உட்காராதீர்கள். விதி "உடனடியாக, எப்படியும் மூன்று மாதத்துக்கு மேல் போகாமல்". மூன்று மாதம் என்பது கடைசி எல்லை, உங்கள் உரிமை இல்லை. கட்டட அனுமதி வழக்கு என்றால் ஆறு வாரம்தான், அரசு டெண்டர் என்றால் 30 நாள். வழக்குக்கு முந்தைய கடிதத்துக்கு வழக்கமாக அவர்களுக்கு 14 நாள் கொடுப்போம். அவர்கள் அதைத் தாண்டியும் "ஆவணம் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று இழுத்தால் காத்திருக்காமல் மனுவைப் போட்டுவிட்டு, ஆவணம் வரவில்லை என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள்.